அந்த ஒரு நெஞ்சு

வண்டி தேறிவிட்டது என்றுதான் கோகிலவாணி முதலில் நினைத்தாள். புகைக்குழாய்க்குள் விட்டிருந்த கம்பியை உருவி எடுத்த ஊழியர் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இந்த வயசுல இவ்ளோ சுத்தமா ஒரு வண்டிய நான் பாத்ததில்லீங்க. உள்ள போங்க, மேடம் கூப்பிடறாங்க."

பத்தொன்பது வயதான பெட்ரோல் கார் அது. அதைப் புகைச் சோதனைக்குத் தயார் செய்ய அவளும் உக்கடத்து மெக்கானிக் சாதிக்கும் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஸ்பார்க் பிளக் நாலையும் மாற்றினார்கள். கரியேறிக் கிடந்த ஏர் ஃபில்டரைத் தூக்கிப் போட்டார்கள். பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றினார்கள். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை இந்த மாடலுக்கு இப்போது யாரும் செய்வதில்லை. சாதிக் எங்கெங்கோ விசாரித்துத் திருச்சியிலிருந்து ஒன்றை வரவழைத்தான். கடைசியாக, "குழாய் நல்லாக் காயோணும்க்கா. சூடேறுனாத்தான் உள்ள இருக்கற வடிகட்டி புகையத் தின்னும்" என்று சொல்லி, சோதனைக்கு வருகிற வழியில் நீலாம்பூர் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டுப் போகச் சொன்னான். அதையும் அவள் செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

சோதனை அதிகாரியின் பெயர் மிருதுளா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கோகிலவாணியை உட்காரச் சொல்லிவிட்டு, கெட்ட சேதியை எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பவள்போலக் கொஞ்ச நேரம் மேசையையே பார்த்தாள்.

"வண்டி பாஸுங்க. ஆனா ஒரு நெஞ்சு ஃபெயிலு."

"புரியலீங்க."

"போன தடவ வந்தப்ப உங்க டேங்குல நீலமா ஒரு திரவம் ஊத்தி அனுப்புனோமுங்கல்ல, அது உங்க வண்டிப் புகைக்கு ஒரு கையெழுத்து மாதிரிங்க. நம்ம எல்லாருக்கும் கழுத்தெலும்புக்குக் கீழ ஒட்டியிருக்கற மூச்சு வில்லை அந்தக் கையெழுத்தப் படிச்சுரும். யாரு வண்டிப் புகை யாரு நெஞ்சுக்குள்ள எவ்ளோ போச்சுன்னு தெரிஞ்சுரும். முன்னெல்லாம் குழாய் வாயில என்ன வருதுன்னு மட்டும் அளந்தாங்க. இப்ப அது எங்க போய்ச் சேருதுன்னும் அளக்கறோம்."

இந்தச் சட்டம் வந்தபோது கோகிலவாணி செய்தியில் பார்த்திருந்தாள். மூச்சுச் சட்டம் என்று எல்லோரும் பேசினார்கள். அரசாங்கம் வீடு வீடாக வந்து எல்லோருக்கும் அந்தச் சின்ன வில்லையை ஒட்டிவிட்டுப் போனது. ஒட்டியதோடு அவள் அதை மறந்தும் போனாள்.

"உங்க புகை ஆயிரக்கணக்கான பேரு மேல கொஞ்சங் கொஞ்சமாப் பட்டிருக்குது. அது ஒண்ணுமில்லீங்க. ஆனா ஒருத்தர் மட்டும் அளவுக்கு மேல வாங்கியிருக்காங்க. தினமும்."

"யாரு அது?"

"எனக்கே தெரியாதுங்க. பேரு, எடம் எதையும் மெஷின் வெளிய விடாது. விட்டா வண்டிக்காரங்க போய் மெரட்டுவாங்க பாருங்க. ஆனா அந்த ஆளுக்குச் சேதி போயிருக்கும். இன்ன நம்பர் வண்டிப் புகை உங்க நெஞ்சுல அளவுக்கு மேல இருக்குதுன்னு. அவங்களா வந்து சொன்னா உண்டு."

"ஒருவேள நானேதானோ என்னமோ?"

"ஓட்டறவங்க நெஞ்சு கணக்குல வராதுங்க. மத்த எல்லாரும் வருவாங்க."

அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் மிருதுளாவே சொன்னாள். போகிற வழியையும் நேரத்தையும் மாற்றிப் பார்க்கலாம். ஆனால் மறுசோதனை ஒரே ஒரு முறைதான். மாற்றின வழியில் வேறொரு நெஞ்சு சிக்கினால் அதோடு முடிந்தது. இல்லையென்றால் அந்த ஆளே மனம் வைத்து, பரவாயில்லை, நான் சுவாசித்துக்கொள்கிறேன் என்று இசைவு கொடுக்கலாம். அதற்கு ஒரு மாத அவகாசம். இரண்டும் நடக்கவில்லையென்றால் வண்டி உடைக்கப் போய்விடும்.

வாசலில் குடை நிழலில் நின்றிருந்த ஒருவன் அவள் முகத்தைப் பார்த்ததுமே கிட்டே வந்தான். "நெஞ்சுப் பிரச்சனைங்களா? ஆளக் கண்டுபிடிச்சு இசைவு வாங்கிக் குடுத்துருவமுங்க. நீங்க நேர்ல பேசவே வேண்டியதில்ல."

அவள் அவனைத் தாண்டி நடந்தாள். இந்தத் தரகுத் தொழிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாள். ரேஸ்கோர்ஸ் பக்கத்தில் ஒரு பங்களாக்காரரின் பழைய பெரிய வண்டிக்கு அந்த வீட்டு வாட்ச்மேனே இசைவு கொடுத்தாராம். அவர் எப்படி மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியும்?

காரின் பின்சீட்டில் அவள் கணவர் தண்டபாணி வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நில அளவைத் துறையில் இருந்தவர். ஆனைமலையிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் அவர் கால் படாத வரப்பு இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கல்குவாரியை அளக்கப் போன இடத்தில் சறுக்கி விழுந்தார். முழங்காலில் எலும்பையும் எலும்பையும் கம்பி வைத்து இணைத்துவிட்டார்கள். வலி போய்விட்டது. கால் மடங்குவதும் போய்விட்டது.

அவருக்காகத்தான் இந்தக் காரை அவள் விடாமல் வைத்திருந்தாள். இப்போது ஊருக்குள் தானாக ஓடும் மின்வண்டிகள் கூப்பிட்ட நேரத்துக்கு வாசலில் வந்து நிற்கின்றன. உருண்டையாக இருப்பதால் அவற்றை முட்டை என்றுதான் சொல்வார்கள். அதில் எதிரெதிராக இரண்டு இருக்கை. காலை மடக்கினால்தான் கதவு மூடும். கால் நீட்ட வசதியுள்ள வண்டியும் இருக்கிறது. அது வந்து சேர்வதற்குள் போன காரியம் மறந்துவிடும். அதனால் தினமும் காலையில் வடவள்ளியிலிருந்து அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, லாலி ரோடு வழியாக ஆர்.எஸ்.புரத்தில் நீர்ச் சிகிச்சை நடக்கும் இடத்துக்குக் கூட்டிப் போவாள். அது முடிந்ததும் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பீளமேட்டு மில்லுக்குப் போவாள். இந்த வண்டி போனால் அவர் வீட்டோடு அடைந்துபோவார்.

நடந்ததையெல்லாம் சொன்னாள். தண்டபாணி ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப என்ன பண்ணப் போற?"

"தேடப் போறேன். நாம தினம் போற வழிதானே. எங்கியோ ஒருத்தர் நம்ம புகையவே குடிச்சுட்டு உக்காந்திருக்காங்க. யாருன்னு பாக்கோணும். அவங்ககிட்ட இசைவு கேக்கப் போறதில்லீங்க. எதனால அவங்க மேல படுதுன்னு தெரிஞ்சா அதை நிறுத்திக்கலாம்."

தண்டபாணி கொஞ்சம் யோசித்தார்.

"நானும் வர்றேன்" என்றார்.

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த மூன்று வருடத்தில் சிகிச்சைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர எங்கே கூப்பிட்டாலும், "நீ போய்ட்டு வா" என்பதுதான் அவர் பதிலாக இருந்தது.

கோகிலவாணி மில்லில் நூலின் தரத்தைச் சோதிக்கும் பிரிவில் இருந்தாள். இருபது வருட அனுபவம். அவளுக்கு இந்தச் சட்டத்தின் நியாயம் புரிந்தது. ஒரு கோன் நூலின் சராசரி பலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவள் அதை நம்பமாட்டாள். எந்த இடத்தில் இழை மெலிந்திருக்கிறது என்று தேடுவாள். அறுகிறபோது நூல் அங்கேதான் அறுகும். ஊருக்கு அவளுடைய வண்டியால் பெரிய கெடுதல் இல்லை. ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் கெடுதல். அந்த ஒருவரை நினைத்துத்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து மில் விட்டு வந்ததும் இரண்டு பேரும் கிளம்பினார்கள். லாலி ரோடு சிக்னலில் ஆரம்பித்தார்கள். தினமும் காலையில் அங்கேதான் வண்டி நெடுநேரம் நிற்கும். சிக்னலுக்கு இந்தப் பக்கம் நடைபாதையில் ஒருவர் சாவி ரிப்பேர் கடை போட்டிருந்தார். கடை என்றால் ஒரு மரப்பெட்டியும் ஒரு ஸ்டூலும்தான். இடுப்பில் ஒரு பெரிய வளையத்தில் நூற்றுக்கணக்கான சாவிகள் தொங்கின. அவர் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்குச் சரியாக வண்டிகளின் புகைக்குழாய் வந்து நின்றது. கோகிலவாணி வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு அவரிடம் போனாள்.

அவர் பெயர் மாணிக்கவாசகம். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கோபப்படவில்லை. செல்போனை எடுத்து வில்லையின் கணக்கைத் திறந்து அவளிடமே காட்டினார்.

"எனக்குச் சேதி எதுவும் வரலீங்க அம்மிணி. பாருங்க. உங்க வண்டி இதுல கடுகளவு. அந்த லாரி ஒரு கடுகு. அந்த ஸ்கூட்டர் ஒரு கடுகு. எல்லாம் அளவுக்குள்ளதான்."

"அப்ப உங்களுக்குப் பிரச்சனை இல்லீங்களா?"

அவர் இன்னொரு பக்கத்தைத் தள்ளிக் காட்டினார். மொத்தம் என்று போட்டு அடியில் ஒரு எண் இருந்தது. அது சிவப்பாக இருந்தது.

"வண்டிக அத்தனையும் பாஸுங்க. என்ற நெஞ்சு மட்டும்தான் ஃபெயிலு. இதுக்கு யாரு மேல கேசு போடறதுன்னு சட்டத்துல எழுதலீங்க" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த சாவியை அரத்தால் ராவத் தொடங்கினார். அவர் குரலில் குறை இல்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அப்போது காருக்குள் இருந்த தண்டபாணி கதவைத் திறந்து, ஊன்றுகோலைக் குத்தி, மெதுவாக இறங்கினார். நடைபாதையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். குனிந்து கொஞ்சம் மண்ணை எடுத்து விரலிடுக்கில் உதிர விட்டார். அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். நாலடி தள்ளிப்போய் மறுபடியும் உதிர விட்டார்.

"காத்து பாலக்காட்டுப் பக்கம் இருந்து வருதுங்க" என்றார் மாணிக்கவாசகத்திடம். "வண்டி நிக்கற எடத்துல இருந்து அத்தனையும் உங்க மேலதான் வந்து உழுகுது. அந்தப் பூவரச மரத்துக்கு அந்தாண்ட போயிட்டீங்கன்னா காத்து மொதல்ல உங்கள்ட்ட வந்துட்டுத்தான் வண்டிகளுக்குப் போகும்."

"கஸ்டமருக இந்த எடத்துலதானுங்க என்னயத் தேடுவாங்க."

"மரத்துல ஒரு பெரிய சாவி வரைஞ்சு மாட்டிருங்க. நான் வரைஞ்சு தர்றேன்."

சொன்னபடி அடுத்த இரண்டு நாளும் அவர் உட்கார்ந்து ஒரு தகர அட்டையில் சாவிப் படம் வரைந்தார். நில வரைபடம் போட்ட கை; கோடு ஒவ்வொன்றும் நறுக்கென்று இருந்தது. மாணிக்கவாசகம் கடையை மரத்துக்கு அந்தப் பக்கம் மாற்றினார். மொத்தக் கணக்கின் சிவப்பு எண் போய்விடவில்லை. ஆனால் இறங்கத் தொடங்கியது.

தேடல் தொடர்ந்தது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு முட்டுச்சந்து உண்டு. தண்டபாணி தண்ணீருக்குள் பயிற்சி செய்து முடிக்கும்வரை அவள் அங்கேதான் ஏசியைப் போட்டுக்கொண்டு எஞ்சின் ஓட வண்டிக்குள் உட்கார்ந்திருப்பாள். ஒரு மாலை அந்தச் சந்துக்குள் நடந்துபோனபோதுதான், தன் வண்டி நிற்கும் இடத்துக்கு நேராக ஒரு ஜன்னல் இருப்பதையும், ஜன்னலுக்குள் ஒரு தொட்டில் ஆடுவதையும் கவனித்தாள். கதவைத் தட்டினாள்.

ஸ்ரீவித்யா என்ற அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டபடி வந்தாள். கேட்டதும் முகம் இறுகிப்போய், "இருங்க" என்று உள்ளே போனாள். அவள் திரும்பி வரும்வரை கோகிலவாணி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பாவோட வில்லையில ஒண்ணுமில்லீங்க" என்றாள் ஸ்ரீவித்யா வந்து. "காலைல பூரா பின்கட்டுல அம்மாகூடத்தான் இருப்பா. எனக்கும் சேதி வரல."

"ஆனாலும் நான் இங்க வண்டிய ஓடவிட்டு நின்னது தப்புங்க. இனி நிக்க மாட்டேன்."

ஸ்ரீவித்யா குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "இத்தன வருசத்துல இந்தச் சந்துல எவ்வளவோ வண்டி நின்னிருக்குது. வந்து கேட்டது நீங்க ஒருத்தர்தாங்க" என்றாள். பிறகு காபி குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று வற்புறுத்தினாள்.

இப்படியே நாட்கள் போயின. யார் கதவைத் தட்டினாலும் சேதி வரவில்லை என்றுதான் பதில் வந்தது. சிலர் முறைத்தார்கள். பலர் பேசினார்கள். திரும்பும் வழியில் எங்கேயாவது நிறுத்தி, தள்ளுவண்டிக் கடையில் தட்டில் காளான் மசாலா வாங்கிச் சாப்பிடுவார்கள். தண்டபாணி இன்னொரு தட்டு கேட்பார். வடகோவைப் பாலத்தடியில் காற்று எப்படிச் சுழல்கிறது என்று விளக்குவார். அந்த வழியில் வீட்டுமனையே இல்லாத காலத்தில் தான் சங்கிலி பிடித்து அளந்தபோது வந்த ஒரு தகராறைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். தேடுகிற ஆள் கிடைக்காத கவலை ஒரு பக்கம் இருந்தாலும், சாயங்காலம் எப்போது வரும் என்று மில்லில் உட்கார்ந்து தானும் காத்திருப்பதைக் கோகிலவாணி ஒருநாள் கவனித்தாள். அது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அவகாசம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தபோது சோதனை நிலையத்திலிருந்து அவளுக்குத் தகவல் வந்தது. இசைவு கிடைத்துவிட்டது, வந்து சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

இருவரும் போனார்கள். தண்டபாணி வண்டியிலேயே இருந்தார். மிருதுளா சிரித்த முகமாகச் சான்றிதழை நீட்டினாள்.

"யாருங்க குடுத்தது?"

"அது தெரியாதுங்க. வில்லை ஒத்துப்போச்சு, அவங்களே போன்ல மனசாரச் சம்மதம்னு அழுத்தியிருக்காங்க. அவ்வளவுதான் எனக்குக் காட்டும்."

"எனக்கு வேண்டாமுங்க."

மிருதுளா நிமிர்ந்தாள். "வேண்டாம்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."

"நான் மில்லுல நூல் டெஸ்ட் பண்றவங்க. மெலிஞ்ச எடத்தப் பாத்துட்டு, அந்த நூலே பரவால்லன்னு சொல்லுதுன்னு பாஸ் போட முடியுமுங்களா? அவங்க ஏன் குடுத்தாங்களோ. பாவம் பாத்துக் குடுத்தாங்களோ, பயந்து குடுத்தாங்களோ. யாருன்னே தெரியாத ஒருத்தரு தினமும் என்ற புகையக் குடிச்சுட்டே இருப்பாங்க, நான் கையில இதை வெச்சுட்டு ஓட்டோணுமா? வண்டிய உடைக்கவே அனுப்பிருங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க மேடம். கடைசி நாள் வரைக்கும் இது இருக்கும்."

அவள் வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தாள். சாவியைப் போடவில்லை. உள்ளே சொன்னதை அப்படியே அவரிடமும் சொன்னாள். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது.

"கோகிலா, அது நான்தான்."

"எது?"

"அந்த நெஞ்சு. என்றதுதான். நீ மொதல்ல இங்க வந்தியே, நீ உள்ள இருந்தப்பவே எனக்குச் சேதி வந்துருச்சு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் செல்போனை நீட்டினார். வண்டியின் எண் போட்டு, அளவுக்கு மேல் என்று இருந்தது.

"இந்த ஒரு மாசமா நான் ஊரு பூரா அலைஞ்சனே."

"நானும்தானே கூட வந்தேன்."

"ஏன் சொல்லல?"

"ரோட்டுல இருக்கறவங்க எல்லாத்தையும் கேட்ட. பின்சீட்டுல இருக்கறவனக் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." சொல்லிவிட்டு, அது சரியான பதிலில்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். குரலைத் தணித்தார். "அன்னைக்கே சொல்லோணும்னுதான் வாயெடுத்தேன். நீ தேடப் போறேன்னு சொன்ன. எந்தெந்த எடம்னு மனசுக்குள்ள ஓட்டிப் பாத்தேன். போய்ப் பாக்கலாமேன்னு இருந்துச்சு. அடிபட்டதுக்கப்புறம் எனக்கு அப்படித் தோணுனதே இல்ல. சரி, ஒரு நாலு நாளு போவட்டும்னு நெனச்சேன். அப்புறம் இன்னும் நாலு நாளு."

"புகையக் குடிச்சுட்டேவா?"

"கண்ணாடிய எறக்கி விட்டுக்கிட்டேன். வெளிக்காத்து வந்தாச் சரியாப் போகும்னு."

கோகிலவாணிக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடமாக இவரைக் காப்பாற்றுவதாக நினைத்து இந்த வண்டியில் ஏற்றி இறக்கினோமே என்றிருந்தது. மூன்று வருடத்தில் ஒரு சாயங்காலம்கூட இவரை வற்புறுத்தி ஒரு தட்டு காளானுக்குக் கூட்டிப் போக நமக்குத் தோன்றவில்லையே என்றும் இருந்தது. இரண்டில் எதற்கு முதலில் அழுவது என்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்கதவைத் திறந்து அவர் காலைப் பிடித்து மெதுவாக இறக்கினாள்.

"இனி சாதிக் பாத்துச் சரின்னு சொல்ற வரைக்கும் நீங்க இதுல ஏறக் கூடாது."

அன்றைக்கு அவர் சோதனை நிலையத்து மரத்தடியிலேயே வெகுநேரம் காத்திருந்து, கால் நீட்ட வசதியுள்ள வண்டியில் வீட்டுக்கு வந்தார். அவள் தனியாக உக்கடத்துக்கு ஓட்டிப் போனாள்.

சாதிக் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான். "குழாயோட கடைசி வாயில மட்டும்தானக்கா நான் பாத்தேன். நடுவுல பாக்கவே இல்ல." வண்டியை மேலே தூக்கி நிறுத்தினான். புகைக்குழாயின் வாயைத் துணியால் அடைத்து, முன்பக்கமிருந்து சாம்பிராணிப் புகையை உள்ளே ஊதினான். பின்சக்கரத்துக்கு மேலே குழாய் இணைகிற இடத்தில் வெள்ளையாக ஒரு இழை கிளம்பியது. அது நேராக மேலே போய், டிக்கியின் அடித்தகட்டில் ரப்பர் மூடி கழன்றுபோன ஒரு ஓட்டைக்குள் நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் பின்சீட்டின் முதுகுப்பக்கத்திலிருந்து சாம்பிராணி மணம் வந்தது.

"பாருங்கக்கா. எஞ்சின் சுத்தமா இருக்கப் போய்த்தான் வாடையே இல்லாம இருந்திருக்கு. இதுல பின்கண்ணாடிய வேற எறக்குனா வண்டி ஓடறப்ப உள்ள இருக்கற காத்து வெளிய இழுபடும். அந்த எடத்துக்கு இந்த ஓட்ட வழியா இன்னும் ஜாஸ்தியா ஏறும்." கொஞ்சம் நிறுத்தி, "அண்ணன் வண்டில தூங்கிருவாருங்களா?" என்று கேட்டான்.

தூங்குவார். வடவள்ளியைத் தாண்டுவதற்குள் தலை சாய்ந்துவிடும். நிம்மதியாக வருகிறார் என்று அவள் சந்தோஷப்பட்டிருந்தாள்.

இணைப்பை அறுத்துப் புதுக் குழாய் வைத்துப் பற்றவைத்தான். ஓட்டையை அடைத்து, டிக்கிக் கதவைச் சுற்றிப் புது ரப்பர் போட்டான். மறுபடியும் சாம்பிராணியை ஊதியபோது புகை போக வழியில்லாமல் முன்பக்கமே திரும்பி வந்து அவன் கண்ணை எரித்தது. தண்டபாணியை டாக்டரிடம் காட்டினாள். நுரையீரல் சரியாகிவிடும், நல்ல வேளை இப்போதே தெரிந்தது என்று டாக்டர் சொன்னார்.

மறுசோதனைக்காக நீலத் திரவத்தோடு கொஞ்ச நாள் ஓட்டினார்கள். வடவள்ளியைத் தாண்டியும் தண்டபாணி விழித்துக்கொண்டே வந்தார். ரோட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். நடுநடுவே அவள், "கொஞ்ச நேரம் சும்மா வாங்களேன்" என்று சொல்லவேண்டியிருந்தது.

இந்த முறை சோதனை நிலையத்துக்குள் இருவருமே போனார்கள். மிருதுளா திரையைப் பார்த்தாள்.

"ஒரு நெஞ்சும் அளவுக்கு மேல இல்லீங்க. பழைய இசைவு மட்டும் அப்படியே நிக்குது. குடுத்தவங்க வந்து ரத்து பண்ணோணும்."

தண்டபாணி தன் சட்டைக் காலரை விலக்கி, கழுத்துக்குக் கீழே இருந்த வில்லையைக் காட்டினார். மிருதுளா அவரைப் பார்த்தாள், பிறகு கோகிலவாணியைப் பார்த்தாள், எல்லாம் புரிந்து சிரித்துவிட்டாள். கருவியை வில்லையின் மேல் வைத்தாள். இந்த வண்டியின் புகையைச் சுவாசிக்கக் கொடுத்த இசைவைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று அது கேட்டது.

"திரும்ப வாங்கிக்கறேன்" என்றார் அவர், பத்திரம் எழுதுகிறவரைப்போல.

"அதெப்படீங்க உங்க வண்டிக்கு மட்டும் இப்படி?" என்றாள் மிருதுளா சான்றிதழை அச்செடுத்துக்கொண்டே. "மத்தவங்கெல்லாம் ஒரு இசைவுக்கே தவியாத் தவிக்கறாங்க. உங்களுக்கு இன்னொருத்தரும் வந்து குடுத்தாருங்க."

"இன்னொருத்தரா?"

"நீங்க வேண்டாம்னு சொல்லிட்டுப் போனதுக்கு மறுநாளுங்க. ஒரு ஆளு இங்கியே நேர்ல வந்துட்டாரு. அந்த வண்டிப் புகையக் குடிக்கற நெஞ்சு என்றதுதான், எனக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்ல, அந்த அம்மிணிக்குக் குடுத்துருங்க, வண்டி இல்லீன்னா அவங்க வீட்டுக்காரரு வெளிய வர முடியாதுன்னாரு. வில்லைய வெச்சுப் பாத்தா ஒத்துவரல. அவரு நெஞ்சுல ஊரு வண்டி அத்தனையும் இருக்குது, உங்களது வெறும் கடுகளவுதான். இல்லீங்கன்னு சொன்னா, மெஷின் தப்பாக் காட்டுதுன்னு சண்டைக்கு வர்றாரு. சமாதானம் பண்ணி அனுப்பறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு."

"யாருங்க அவரு?"

"பேரு சொல்லக் கூடாதுங்க." மிருதுளா கையை விரித்து ஒரு பெரிய வட்டம் காட்டினாள். "இடுப்புல சாவிக் கொத்து மட்டும் இவ்ளோ பெருசு இருந்துச்சு."

இருவரும் வெளியே வந்து வண்டியில் ஏறினார்கள். அவள் வண்டியைக் கிளப்பினாள். வீட்டுக்கா என்று அவள் கேட்கவில்லை, அவரும் வேறெங்கும் போகச் சொல்லவில்லை. வண்டி தன்னால் போவதுபோல லாலி ரோட்டுப் பக்கம் போயிற்று.

சிக்னலுக்கு வெகுதூரம் முன்பாகவே, வேளாண் பல்கலைக்கழகத்து மதிலோரம் நிழலாக இருந்த இடத்தில் அவள் வண்டியை ஒதுக்கி எஞ்சினை அணைத்தாள். அங்கிருந்து பூவரச மரம் சின்னதாகத்தான் தெரிந்தது. இவ்வளவு தூரம் நடப்பாரா என்று திரும்பிப் பார்த்தாள். அதற்குள் தண்டபாணி கதவைத் திறந்து ஊன்றுகோலைத் தரையில் குத்தியிருந்தார்.

"அவசரமில்ல, மெதுவாவே போலாம்" என்றாள் அவள்.